மாதவிலக்கு நிற்கிற வயதில் மறதி: ஹார்மோன் மாத்திரை மூளையைக் காப்பாற்றுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 49. ஒரு வருடமாக மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. எதை எடுக்க அறைக்குள் போனோம் என்பது மறந்துபோகிறது. உங்கள் அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் என்று சொன்னார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூளை சுருங்கும் என்று எங்கோ படித்துவிட்டு, இப்போதே ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். 57 வயதான உங்கள் கணவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ள யோசிக்கிறார் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அம்மாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?

நான் நரம்பியல் மருத்துவர். ஞாபக மறதிக்கென்றே நடக்கும் புறநோயாளிப் பிரிவில் 20 வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்து வருகிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்னது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நாற்பதுகளின் கடைசியில் இதே பயத்தோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது அல்சைமரின் தொடக்கமாக இருப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். மாத்திரை விஷயத்தில் என் பதில்: மறதி நோயைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் எடுக்க வேண்டாம். வேறு நல்ல காரணங்களுக்காக எடுக்கலாம். ஒரு சாராருக்கு மட்டும் அது அவசியம். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பிள்ளைப்பேற்றுக்கான சமாச்சாரம், கற்று நினைவில் வைக்கிற வேலையோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1990-இல் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்கீவன் ஆகியோர் வெளியிட்ட எலி ஆய்வு அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் மேல் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். ஒரு நரம்பணு இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடங்களில் பெரும்பாலானவை இவைதான். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு சுழற்சி. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் நாளுக்கும் அது இறங்கிவிட்ட மறுநாளுக்கும் இடையில், இந்த முட்களின் அடர்த்தி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் 24 மணி நேரத்தில்! அடுத்த சுழற்சியில் திரும்ப முளைத்துவிடுகின்றன. படிக்கிற காலத்தில் இதைப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். இன்றைக்கு உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஹார்மோன் இறங்கும்போது அங்கே நரம்பணு சாகவில்லை. மரம் நிற்கிறது, கிளை நிற்கிறது. இலை உதிர்ந்து துளிர்க்கிறது. அல்சைமரில் மரமே பட்டுப்போகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நீங்கள் படித்ததைப் போன்ற பயமுறுத்தல்கள் வருகின்றன.

இன்னொன்றும் உறுதி. மூளை இந்த ஹார்மோன்களைச் சினைப்பையிலிருந்து வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் தானும் தயாரிக்கிறது. அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஆண்களின் மூளையிலும் இது நடக்கிறது. வயதான ஆணின் ரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் அளவு, மாதவிலக்கு நின்ற அதே வயதுப் பெண்ணின் அளவைவிடப் பொதுவாக அதிகம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளை அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளைச் செய்துகொள்கிறது. அது நரம்புகளை அமைதிப்படுத்தித் தூக்கத்துக்கு உதவும். அதே பொருள்தான் 2019-இல் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, ஹார்மோனுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சரி, உங்கள் மறதிக்கு வருவோம். மாதவிலக்கு முழுதாக நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைந்துகொண்டே போவதில்லை. ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் அடிமட்டத்துக்குப் போகும். மூளைக்குச் சிரமம் தருவது இந்த ஆட்டம்தான். அமெரிக்காவில் நடந்த 'ஸ்வான்' என்ற நீண்ட ஆய்வில் 2,362 பெண்களுக்குச் சில வருடங்கள் திரும்பத் திரும்ப நினைவுச் சோதனை வைத்தார்கள். வழக்கமாக ஒரே சோதனையை மறுபடி எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் கொஞ்சம் கூடும். மாதவிலக்கு தடுமாறும் கட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் மட்டுப்பட்டுப்போனது. மாதவிலக்கு நின்று அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களிடம் அது மறுபடி தென்பட்டது. 2009-இல் வந்த இந்த முடிவைத்தான் உங்களைப் போன்றவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்: தடுமாற்றம் நிஜம், நீங்கள் கற்பனை செய்யவில்லை, பெரும்பாலோருக்கு அது கடந்து போகக்கூடியது.

இதோடு தூக்கம் சேர்கிறது. திடீரென்று உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுவது தோலிலோ ரத்தத்திலோ தொடங்கும் பிரச்சினை என்று நினைக்கிறோம். அதுவும் மூளையில் தொடங்குவதுதான். உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அது விலகியதும் அவை துள்ளிக்கொண்டு வேலை செய்கின்றன. அந்த நரம்பணுக்களின் செய்தியை மட்டும் மறிக்கிற, ஹார்மோனே இல்லாத ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை 2023-இல் அனுமதி பெற்றிருப்பது இந்த விளக்கம் சரி என்பதற்கு நல்ல சாட்சி. இரவில் மூன்று தடவை நனைந்துபோய் எழுந்திருக்கிற யாருக்கும் காலையில் சொல் நழுவத்தான் செய்யும். உங்களுக்கு இரவில் வியர்க்கிறதா, எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. நேரில் வந்திருந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

அடுத்து ஒரு சிறிய சோதனை வைப்பேன். பத்துச் சொற்களை மெதுவாகச் சொல்வேன்: நாற்காலி, மழை, சாவி என்று தொடர்பில்லாத சொற்கள். வேறு பேச்சுப் பேசிவிட்டு, 20 நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பேன். போன மாதம் உங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண்மணி ஐந்தைச் சொல்லிவிட்டு, "பாத்தீங்களா டாக்டர், பாதி போயிடுச்சு" என்று கண் கலங்கினார். "ஒன்று வீட்டுச் சாமான், உட்கார்வது" என்றேன். "அட, நாற்காலி!" என்றார். இப்படிச் சின்னக் குறிப்பு கொடுத்ததும் விடுபட்ட ஐந்தில் நான்கு வந்துவிட்டன. சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். அல்சைமரில் பதிவதே நடப்பதில்லை, குறிப்புக் கொடுத்தாலும் வராது. சிலர் "நீங்க எப்ப சொற்கள் சொன்னீங்க?" என்று கேட்பார்கள். அதோடு, என்ன கேட்டாலும் பதிலுக்காகப் பக்கத்தில் இருக்கும் கணவரையோ மகளையோ திரும்பிப் பார்ப்பார்கள். தன் மறதியைத் தானே தேதி வாரியாகச் சொல்லித் தனியாக வந்து அழுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கவலை குறைகிறது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல, கூட வந்தவர் கவலைப்பட்டால்தான் நிமிர்ந்து உட்காருவேன். இது நூற்றுக்கு நூறு பொருந்தும் அளவுகோல் இல்லை. ஆனால் அனுபவத்தில் நன்றாகவே கைகொடுக்கிறது.

இனி சந்தேகமான பகுதி. ஹார்மோன் மாத்திரை மறதி நோயைத் தடுக்குமா? 1990-களில் வந்த ஆய்வுகள், மாத்திரை எடுத்த பெண்களுக்கு அல்சைமர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்ததுபோலக் காட்டின. அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அந்தக் காலத்தில் தாமாகக் கேட்டு ஹார்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியானவர்கள், ஒழுங்காக மருத்துவரைப் பார்த்தவர்கள். மாத்திரை இல்லாமலே அவர்களுக்கு நோய் குறைவாக வந்திருக்கக்கூடும். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைப் பெரிய அளவில் செய்தது 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேடிவ்' ஆய்வு. அதன் நினைவாற்றல் பிரிவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்கள் இருந்தார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. 2003-இல் முடிவு வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 22 பேருக்கு மறதி நோய் வந்தது; ஹார்மோன் எடுத்தவர்களில் 45 பேருக்கு. தடுக்கும் என்று நினைத்தது இரண்டு மடங்காக்கியிருந்தது.

இந்த எண்ணை வைத்துப் பயப்படுவதற்கு முன் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். இரண்டு மடங்கு என்றாலும் வருடத்துக்கு 10,000 பேரில் கூடுதலாக 23 பேர். அவர்கள் மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்துத் தொடங்கியவர்கள். அப்புறம், இன்று பலருக்குக் கொடுக்கப்படுவது அதே மருந்தும் இல்லை. சீக்கிரம் தொடங்கினால் பலன் இருக்குமோ என்று யோசித்து, மாதவிலக்கு நின்று மூன்று வருடத்துக்குள் இருந்த 727 பேருக்கு நான்கு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வின் பெயர் 'கீப்ஸ்'. நினைவாற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினரை ஏறத்தாழ பத்து வருடம் கழித்து மறுபடி அழைத்துச் சோதித்த முடிவு 2024-இல் வந்தது, அப்போதும் வித்தியாசம் இல்லை. சீக்கிரம் தொடங்குவதையும் தாமதமாகத் தொடங்குவதையும் ஒப்பிட்ட 'எலீட்' ஆய்வும் 2016-இல் இதையே சொன்னது. என் வாசிப்பு இது: சரியான வயதில் தொடங்கினால் மூளைக்குக் கேடு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம், காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. 50 வயதில் மாத்திரை தொடங்கியவர்களை 75 வயது வரை குலுக்கல் முறையில் பின்தொடர்ந்த ஆய்வு இல்லாததால், இந்த விவகாரத்துக்கு முழுத் தீர்ப்பும் இல்லை.

எலியில் வேலை செய்கிறது என்பதை வைத்து மனிதருக்கு வாக்குறுதி தருவதில் எனக்கு ஏன் இத்தனை தயக்கம் என்றால், தலையில் அடிபட்டவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்த கதை நினைவில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிரமாதமாக இருந்தது. இரண்டு பெரிய ஆய்வுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 2014-இல் இரண்டுமே பலன் இல்லை என்று முடிந்தன.

ஹார்மோன் எதற்குப் பயன்படும்? இரவெல்லாம் வியர்த்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. 60 வயதுக்குள் அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை இல்லாதவர்களுக்கு நன்மைதான் பொதுவாக அதிகம். தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தால் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, கூடவே புரோஜெஸ்டிரோனும் வேண்டும். தூக்கம் சரியாகி, அதனால் மறதியும் தெளிந்தால் சந்தோஷம். அந்த அளவுக்கு எதிர்பார்ப்பது நியாயம்.

அவசியமாக எடுக்க வேண்டியவர்கள் என்று சொன்னேனே, அது மாதவிலக்கு இயல்பான வயதுக்கு வெகு முன்பே நின்றவர்கள். குறிப்பாக, அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறைவோ மறதி நோயோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. எவ்வளவு இளவயதில் எடுத்தார்களோ அவ்வளவு அதிகம். 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. இதுவும் குலுக்கல் ஆய்வு இல்லை, அதனால் 1990-களின் ஆய்வுகளுக்கு நான் சொன்ன குறை இதற்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் இங்கே எலும்பும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. அதனால் 45 வயதுக்குள் நின்றுபோனவர்களுக்கு, தடையேதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான ஏறத்தாழ 50, 51 வரைக்கும் ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. நடைமுறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்: "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று சொல்லும் பெண்களில் பலருக்குச் சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 38 வயதில் எடுத்துவிட்டு 52 வயதில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவரின் பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இரண்டு சினைப்பையும் போனது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நடுவில் 14 வருடம் ஓடிவிட்டது. இதைப் படிக்கிற யாருக்காவது இளவயதில் அந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால், தயவுசெய்து அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி. பெற்றோரில் ஒருவருக்கு எழுபதுகளில் அல்சைமர் வந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடும், விதி என்று ஆகிவிடாது. பல நாடுகளில் இந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்பது உண்மைதான். அதில் பெரும்பகுதி பெண்கள் நீண்ட நாள் வாழ்வதால் வருவது. ஏபிஓஇ4 என்ற மரபணு வடிவம் சில வயதுகளில் பெண்களை அதிகம் பாதிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. மீதியில் ஹார்மோனின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றையெல்லாம் நீக்க முடிந்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதம் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. காது கேளாமை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. மாதவிலக்கு நிற்பது அதில் இல்லை. உங்கள் வயதில் நான் முதலில் கவனிப்பது ரத்த அழுத்தத்தை. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அது சத்தமில்லாமல் ஏறத் தொடங்கும். அழுத்தத்தின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற சிகிச்சையில் லேசான நினைவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்ததை 2019-இல் வந்த பெரிய குலுக்கல் ஆய்வு காட்டியது. எந்த ஹார்மோனும் இதுவரை காட்டாத பலன் இது. அதோடு தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அதிக ரத்தப்போக்கால் சோகை வந்து, அதுவே மந்தமாக்கியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரையோ சளிக்கான பழைய ரக மாத்திரையோ தொடர்ந்து எடுக்கிறீர்களென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு. 1889-இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில் நாயின், கினிப் பன்றியின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது, மூளை தெளிந்துவிட்டது என்று அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரையாது. அந்தச் சாற்றில் பலன் தரும் அளவு இருந்திருக்க முடியாது. ஆசைதான் வேலை செய்தது. அந்த ஆசை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆண்களுக்கு முப்பது, நாற்பது வயதிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறையும், திடீரென்று நிற்பதில்லை. 65 வயதுக்கு மேற்பட்ட, டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே குறைவாகவும் மறதியோடும் இருந்த 493 ஆண்களுக்கு ஒரு வருடம் ஜெல்லும் வெற்று ஜெல்லும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது: நினைவாற்றலில் எந்த வித்தியாசமும் இல்லை. பாலுறவு நாட்டம் குறைவு போன்ற தெளிவான அறிகுறி இருந்து, இரண்டு வெவ்வேறு நாள் காலையில் எடுத்த ரத்தத்திலும் அளவு குறைவாக இருந்தால் மட்டும் அந்த ஊசியைப் பற்றிப் பேசலாம். போட்டால் ரத்தம் கெட்டியாகிறதா என்பதையும் புராஸ்டேட்டையும் கண்காணிக்க வேண்டும். அவர் சத்தமாகக் குறட்டை விடுகிறாரா, பகலில் தூங்கி விழுகிறாரா என்று பாருங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்தான் அவரது சோர்வுக்குக் காரணம் என்றால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

நீங்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. சின்ன நோட்டு ஒன்றில் மூன்று மாதம் எழுதுங்கள்: மாதவிலக்குத் தேதி, இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள், அன்றைக்கு எதை மறந்தீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கொண்டுபோனால் ஹார்மோன் வேண்டுமா என்ற பேச்சு பத்து நிமிடத்தில் தெளிவாகிவிடும். பழகிய வழியில் திசை தெரியாமல் நின்றாலோ, ஒரே கேள்வியை ஒரே மணி நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொன்னாலோ, பணக் கணக்கில் முன்பு செய்யாத தவறுகள் செய்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது உங்களோடு தினமும் இருக்கிற ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.